கல்லூரிக்கு மகன் பெயர், அப்பாவைப் பட்டியலிலிருந்து எடுத்தது ஏன்? குமாரமங்கலம் டாக்டர் சுப்பராயன்

ஏரிக்கரை_வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. பழைய சேலம் மாவட்டத்துக் கொடையாளர்கள் என்று நாம் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறோம். அதில் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் பெயரைச் சேர்த்திருந்தேன். இப்போது பார்த்தால் யாரோ எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: "இவர் கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடம், சத்திரம், குளம் எது? பணக்கார அரசியல்வாதி, அவ்வளவுதான்."

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆளை விசாரிக்காமல் பெயரை அடித்தது நியாயமில்லை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிறப்பு 1889 செப்டம்பர் 11. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன். ஜமீன் வாரிசுகளுக்கென்றே சென்னையில் நடந்த நியூயிங்டன் பள்ளியில் படிப்பு, பிறகு மாநிலக் கல்லூரி, அப்புறம் ஆக்ஸ்போர்டில் வாடம் (Wadham) கல்லூரி. பெயருக்கு முன்னால் உள்ள டாக்டர் சட்டப் படிப்பில் வந்தது, மருத்துவத்தில் இல்லை. 1920-ல் நிலவுடைமையாளர் தொகுதியிலிருந்து சட்ட சபைக்குப் போனார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் கல்வியும் சட்டமும் இவரிடம். 1947-ல் ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இந்தோனேசியாவில் தூதர், நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்பு. கடைசியில் மகாராஷ்டிர ஆளுநர். 1962 அக்டோபர் 6-ல் அந்தப் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

என் வாதம் இதுதான். இவர் பையிலிருந்து எவ்வளவு எடுத்துக் கொடுத்தார் என்று தேடினால் பெரிதாக எதுவும் நம் கையில் சிக்காது. ஆனால் தன் வகுப்புக்கும் தன் சொத்துக்கும் இடைஞ்சலான காரியங்களின் பக்கம் பலமுறை போய் நின்றிருக்கிறார். அதையும் கொடைக் கணக்கில் எழுதலாமா, கூடாதா? சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை_தறி

எடுத்தது நான்தான். குமாரமங்கலம் நாமக்கல் மாவட்டம். நமக்கென்ன வேலை?

சங்ககிரிக்காரன்

அண்ணே, நாமக்கல் தனி மாவட்டம் ஆனதே 1997-ல்தான். அவர் பிறந்தபோதும் இறந்தபோதும் அது சேலம் மாவட்டம். பட்டியலின் தலைப்பிலேயே "பழைய" என்று இருக்கிறதே.

அம்மாப்பேட்டை_தறி

சரி, ஊர்க் கணக்கை விடுங்கள். மற்றக் கேள்வி அப்படியே நிற்கிறது. என்ன கொடுத்தார்?

மேட்டூர்_அணைக்கட்டு

மேட்டூர் அணை அவர் முதலமைச்சராக இருந்தபோது கட்டியதுதானே? 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடிந்தது. இது போதாதா?

ஓய்வு_வாத்தியார்

தம்பி, அவசரப்படாதீர்கள். காலம் ஒத்துப்போகிறது, கை வேறு.

1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாண ஆட்சி இரட்டை ஆட்சியாக இருந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, தொழில், கலால் போன்றவை மட்டும் தேர்தலில் வந்த அமைச்சர்களுக்கு. நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் எல்லாம் கவர்னரும் அவருடைய நிர்வாக சபை உறுப்பினர்களும் வைத்துக்கொண்டார்கள். மேட்டூர்த் திட்டத்தை உந்தி நடத்தியது நிர்வாக சபையில் இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர். முதலமைச்சர் என்றால் இன்றைக்குக் கோட்டையில் உட்கார்ந்திருக்கும் முதலமைச்சரை நினைத்துக்கொள்ளக் கூடாது. கஜானாச் சாவி கையில் இல்லாத முதலமைச்சர் அவர்.

சுப்பராயன் வந்த கதையே விசித்திரம். 1926 தேர்தலில் தேர்ந்தெடுக்க வேண்டிய 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சிக்கு 41, ஜஸ்டிஸ் கட்சிக்கு 21. சுயராஜ்யக் கட்சிக்காரர்கள் பதவி ஏற்க மாட்டோம் என்ற கொள்கையில் இருந்தார்கள். ஜஸ்டிஸ் கட்சிக்கு ஆள் பலம் போதாது. கவர்னர் கோஷன் பிரபு யோசித்துக் கட்சி சாராத ஒருவரைக் கூப்பிட்டார். 37 வயது சுப்பராயன். தனக்கென்று கட்சி கிடையாது. சபையில் எந்த நேரமும் கவிழ்க்கலாம். அரங்கநாத முதலியார், ஆரோக்கியசாமி முதலியார் என்று இரண்டு அமைச்சர்கள். கவர்னர் தயவில் உட்கார்ந்த மந்திரிசபை என்று எதிர்க்கட்சிகள் சொன்னதில் பொய்யில்லை.

1928-ல் இந்திய ஆட்சிமுறையை ஆராய, வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருந்த சைமன் கமிஷன் வந்தது. பகிஷ்கரிக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. உடனிருந்த அமைச்சர்கள் இருவரும் அந்தப் பக்கம் போய் விலகினார்கள். இவர் பகிஷ்கரிப்புக்குச் சம்மதிக்கவில்லை, பதவியில் தொடர்ந்தார். புதிதாக எஸ். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் வந்தார்கள். ஜஸ்டிஸ் கட்சி ஆதரவும் அதோடு வந்தது. சைமன் விஷயத்தில் அவர் செய்தது எனக்கு ஒப்பில்லை, இன்றைக்கும் ஒப்பில்லை.

ஆனால் அந்த மாற்றத்தில் விளைந்ததைப் பாருங்கள். வகுப்புவாரி பிரதிநிதித்துவ அரசாணை ஏட்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது அப்போதுதான். அரசு வேலையில் எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் என்று முறை வைத்தார்கள். பெரியார் அதற்காகப் புகழ்ந்தது முத்தையா முதலியாரை, அது சரிதான். அந்த மந்திரிசபையின் தலைவர் சுப்பராயன் என்பதை யாரும் சொல்வதில்லை. 1951-ல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி முறையை ரத்து செய்தது, அதற்காக அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது, இதெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தக் கயிற்றின் ஒரு நுனி இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, 1929-ல் சென்னை சட்ட சபை இயற்றிய சட்டத்தால் வந்த பணியாளர் தேர்வாணையம். மாகாணங்களில் முதல் தேர்வாணையம் நம்முடையது. இன்றைக்கு குரூப் 4 எழுதுகிற பிள்ளைகள் போய் நிற்கிற வாசலின் முதல் கதவு.

குரங்குச்சாவடி_பஸ்

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்துவிட்டுத்தான் தெரிந்தது. குரூப் 2-க்குப் படிக்கிறேன், "சுயேச்சை, 1926, சுப்பராயன்" என்று மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். நம்ம பக்கத்து ஆள் என்று ஒரு புத்தகத்திலும் போடவில்லை.

உருக்காலை_ரோடு

எனக்கு இந்தக் குடும்பம் தெரிந்தது கல்லூரிப் பெயர்ப் பலகையில். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, 1986-ல் ஆரம்பித்தது. என் அக்கா அங்கே படித்தவள். மோகன் குமாரமங்கலம் யார் என்று கேட்டால் அவள் வகுப்பில் பாதிப் பேர் பெரிய டாக்டர் என்பார்களாம்.

ஓய்வு_வாத்தியார்

அவர் வக்கீல் அம்மா. சுப்பராயனின் மகன். இளம் வயதில் கம்யூனிஸ்ட், 1941 சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தியோடு தண்டனை பெற்றவர். பிறகு 1966-67-ல் சென்னை அரசின் அட்வகேட் ஜெனரல். 1971-ல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குப் போய் இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை. நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயம் ஆனது அவர் காலத்தில். 1973 மே 31-ல் டெல்லியில் விமான விபத்தில் போய்விட்டார். நம் உருக்காலைக்கு அடிக்கல் 1970-லேயே நட்டாகிவிட்டது, ஆனால் அதன் ஆரம்பக் கட்டத்தில் துறை அவர் கையில் இருந்தது. அந்தப் பாசத்தில்தான் கல்லூரிக்குப் பெயர் என்று நினைக்கிறேன்.

அம்மாப்பேட்டை_தறி

மகன் கதை தனி. அப்பாவுக்கு வாருங்கள். நான் நேராகவே கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜமீன் பணம் எங்கிருந்து வந்தது? குடியானவன் கட்டிய வரியிலிருந்து. ஜமீன் கிராமங்களில், குடியானவன் நேராக அரசுக்கே வரி கட்டிய ரயத்துவாரி கிராமங்களைவிட அதிகமாகத்தான் கறந்தார்கள், இது மாகாணம் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால்தான் 1908-லேயே எஸ்டேட் நிலச் சட்டம் போட வேண்டி வந்தது. அந்தப் பணத்தில் ஆக்ஸ்போர்டு. மூத்த மகன் பிரபாகரும் மோகனும் ஈட்டனில் படித்தார்கள், இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். அப்படிப்பட்டவர் கோட்டைக்குப் போய் நல்ல அரசாணையில் கையெழுத்துப் போட்டால் அது அவர் பார்த்த வேலை. வேலைக்குச் சம்பளம் உண்டு. கொடை என்றால் தன் சொந்தத்தில் ஒரு துண்டாவது குறைய வேண்டும்.

எங்கள் தெருவில் தறிக்கூலியில் மிச்சம் பிடித்து மாரியம்மன் பண்டிகைக்குக் கூழ் ஊற்றுகிற கிழவி இருக்கிறார். என் பட்டியலில் அவர்தான் முதலில்.

ஏரிக்கரை_வாசி

தறி அண்ணன் கேட்டது சரியான இடத்தில் குத்துகிறது. "தன் சொந்தத்தில் ஒரு துண்டாவது" என்கிறீர்கள். அதற்கே வருகிறேன்.

1947 மார்ச்சில் ஓமந்தூரார் அமைச்சரவை. சுப்பராயன் உள்துறை அமைச்சர். அதே ஆண்டு அந்த அமைச்சரவை ஜமீன் ஒழிப்பு மசோதாவைக் கொண்டு வந்தது, 1948-ன் 26-ஆம் சட்டமாக வந்து நிலைத்தது. குமாரமங்கலம் ஜமீனும் ஜமீன்தான். தன் பட்டத்தையும் நிலவரி உரிமையையும் எடுத்துவிடுகிற மசோதா தயாராகிற மந்திரிசபையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஜஸ்டிஸ் கட்சித் தலைவராக இருந்த பொப்பிலி ராஜா மாதிரி எதிர்ப்பக்கம் போய் நின்றிருக்கலாம், ஜமீன்தார்களுக்கு அந்த நாளில் அப்படி ஒரு முகாமே இருந்தது.

அம்மாப்பேட்டை_தறி

இழப்பீடு வாங்கிக்கொண்டுதானே விட்டார்கள்?

ஏரிக்கரை_வாசி

சட்டத்தில் இழப்பீடு உண்டு, ஆமாம். அதனால் முழுக் கொடை என்று நானும் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டை_மண்டி

இடையில் ஒரு வார்த்தை. அதே ஓமந்தூரார் அமைச்சரவையில் இன்னொரு கொங்குப் பணக்காரர் இருந்தார், திருப்பூர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். கல்வி அமைச்சர். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தறி அண்ணன் சொல்வது விளங்கும்.

அவினாசிலிங்கம் 1903-ல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1930-லேயே கோயமுத்தூரில் ராமகிருஷ்ண வித்யாலயம் ஆரம்பித்தார். சொத்தைக் கல்விக்குக் கொடுத்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்தபோது தமிழ் வளர்ச்சிக் கழகம் தொடங்கிக் கலைக்களஞ்சியம் போடவைத்தார், பத்துத் தொகுதி. திருக்குறளைப் பள்ளிப் பாடமாக்கினார். 1957-ல் பெண்களுக்கு மனையியல் கல்லூரி, இன்றைக்கு அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கையில் இருந்ததையும் கொடுத்தார், பதவியில் இருந்தும் செய்தார். பணக்கார அரசியல்வாதி, கொடையாளர் என்று ஒரே வரியில் எழுத இவரைப் போல ஆள் கிடைப்பது அபூர்வம்.

நம் பக்கத்திலேயே வேண்டுமா? திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். ராஜாஜி 1925 பிப்ரவரியில் தொடங்கினார். இடம் யார் கொடுத்தது? புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர். அவர் பெயர் நம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை! சுப்பராயனுக்காக இவ்வளவு எழுதுகிறோம், நிலம் கொடுத்தவர் வெளியே நிற்கிறார்.

நெறியாளர்

இரத்தினசபாபதி கவுண்டர் பெயரைச் சேர்த்துவிட்டேன். நன்றி மண்டி.

சங்ககிரிக்காரன்

கோயில் நுழைவைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லையே! எனக்கு சுப்பராயன் என்றால் அதுதான் முதலில்.

1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம், பூனா ஒப்பந்தம். அதே ஆண்டு நவம்பர் 1-ல் சென்னை சட்ட சபையில் சுப்பராயன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். தீண்டாதார் என்று தள்ளி வைத்தவர்களுக்குக் கோயிலைத் திறந்துவிட அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்பது சாரம். அப்போது அவர் முதலமைச்சர் கிடையாது, அமைச்சரும் கிடையாது. எந்தப் பதவியும் அதைச் செய்யச் சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அடுத்து மசோதா தயாரித்தார். மசோதாவை அறிமுகம் செய்யவே வைஸ்ராய் அனுமதி வேண்டும். 1933 ஜனவரியில் வைஸ்ராய் மறுத்தார். இது ஒரு மாகாணத்தோடு முடிகிற விவகாரம் இல்லை என்று காரணம் சொல்லி, மத்திய சட்ட சபையில் ரங்க ஐயர் கொண்டு வந்த மசோதாவுக்கு மட்டும் வழி விட்டார்கள். அதுவும் கடைசியில் கைவிடப்பட்டது. அம்பேத்கர் இந்த விவகாரம் முழுவதையும் கடுமையாக விமர்சித்து எழுதியிருக்கிறார், அது வேறு பெரிய கதை.

விடவில்லை மனுஷன். 1937-ல் சட்ட அமைச்சர். 1938-ல் மலபார் கோயில் நுழைவுச் சட்டம். அதே ஆண்டு ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா கொண்டு வந்த மசோதா, பொதுக் கிணறு, சாலை, பள்ளியில் தடுக்கக் கூடாது என்பது, அதுவும் சட்டமானது. 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலில் அரிசனங்கள் நுழைந்த பிறகு, நுழையவிட்ட அதிகாரிகளைக் காப்பாற்ற ஒரு சட்டம். 1947-ல் மாகாணம் முழுவதுக்குமான கோயில் நுழைவுச் சட்டம், அப்போதும் இவர் மந்திரி. பதினைந்து வருஷம் ஒரே காரியம்.

தறி அண்ணே, சொந்தத்தில் ஒரு துண்டு குறைய வேண்டும் என்றீர்கள். 1932-ல் ஒரு கவுண்டர் ஜமீன்தார் இந்தத் தீர்மானத்தோடு எழுந்து நின்றால் ஊரில் என்னவெல்லாம் குறைந்திருக்கும் என்று நம்ம பக்கத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாப்பேட்டை_தறி

இது எனக்குப் புதுசு. இதற்கு எதிர்வாதம் இப்போதைக்கு என்னிடம் இல்லை. யோசிக்கிறேன்.

தமிழ்க்கொடி_சேலம்

எல்லோரும் பூச்சூட்டுகிறீர்கள். 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது கல்வி அமைச்சர் யார்? இதே சுப்பராயன். நூற்று இருபத்தைந்து பள்ளிகள். நடராசனும் தாளமுத்துவும் சிறை சென்று உயிரை விட்டார்கள். 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் வந்துதான் உத்தரவை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. ராஜாஜியை மட்டும் திட்டிவிட்டுத் துறை அமைச்சரை விட்டுவிடுவோமா?

ஓய்வு_வாத்தியார்

விடக் கூடாது. நானும் விடவில்லை. ஆனால் அதே ஆளின் 1956-ஐயும் படியுங்கள்.

1955-ல் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைத்தார்கள். இந்தியை எப்படி, எவ்வளவு சீக்கிரம் ஆட்சிமொழியாகக் கொண்டுவருவது என்பது பேச்சு. அறிக்கையோடு உடன்படாமல் மாற்றுக் குறிப்பு எழுதியவர்கள் இரண்டு பேர். வங்காள மொழியியல் அறிஞர் சுநிதி குமார் சட்டர்ஜி ஒருவர். மற்றவர் நம் சுப்பராயன். இந்தி பேசாதவர்கள் மேல் அவசரமாகச் சுமத்தாதீர்கள், ஆங்கிலம் தொடரட்டும் என்று அவர் வாதாடினார். 1938-ல் அவர் துறையிலிருந்து வந்த உத்தரவும் 1956-ல் அவர் எழுதிய குறிப்பும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்க முடியாதவை. இடைப்பட்ட காலத்தில் மனம் மாறினாரா, ராஜாஜியோடு சேர்ந்தே மாறினாரா, ஆராய வேண்டும். ராஜாஜியும் அந்தச் சமயத்தில் ஆங்கிலத்தின் பக்கம் வந்துவிட்டாரே.

தமிழ்க்கொடி_சேலம்

1956 குறிப்பை ஒத்துக்கொள்கிறேன். 1938-க்கு அது பிராயச்சித்தம் ஆகாது. பட்டியலில் சேர்த்தால் இரண்டையும் எழுதுங்கள்.

ஏற்காடு_காப்பி

நான் நாகலூர்ப் பக்கம். இன்றைக்கு மழை, கரண்ட் வந்து வந்து போகிறது, அதனால் தாமதம்.

ஆண்கள் எல்லாம் ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ராதாபாய் சுப்பராயன் என்று ஒருவர் இருந்தார், அந்த வீட்டு அம்மா. மங்களூர்க்காரர், சாரஸ்வத பிராமணக் குடும்பம். அவர் அப்பா குத்மல் ரங்கராவ், ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியதற்காகச் சொந்தச் சாதியாரால் ஒதுக்கப்பட்டவர். அவர் மகளைத்தான் குமாரமங்கலம் ஜமீன்தார் கல்யாணம் செய்துகொண்டார், நூறு வருஷத்துக்கும் முன்னால், சாதி மாறி. இன்றைக்கு நம் மாவட்டத்தில் அப்படிச் செய்கிற பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று செய்தித்தாள் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கோயில் நுழைவுத் தீர்மானம் எங்கிருந்து வந்தது என்று சங்ககிரி அண்ணன் தேட வேண்டாம், மாமனார் வீட்டுச் சமையல்கட்டு வரை போனால் போதும் என்பது என் ஊகம்.

ராதாபாய் மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டில் சோமர்வில் கல்லூரியிலும் படித்தவர். 1930-ல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து போன பெண் பிரதிநிதிகள் இரண்டே பேர், பேகம் ஜஹானாரா ஷா நவாஸும் இவரும். சட்ட சபைகளில் பெண்களுக்குக் கொஞ்ச காலத்துக்காவது இடம் ஒதுக்குங்கள் என்று இருவரும் கேட்டார்கள். பெண்கள் அமைப்புகளே அன்றைக்கு அதை எதிர்த்தன, எங்களுக்குச் சலுகை வேண்டாம், சம உரிமை கொடுங்கள் என்று. யார் சரி? மகளிர் இட ஒதுக்கீட்டுச் சட்டம் 2023-ல்தான் நிறைவேறியது என்பதைப் பார்த்தால் ராதாபாய் பக்கம் விஷயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. அப்புறம் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த லோதியன் குழுவில் இருந்தார். 1938-ல் மத்திய மேல் சபைக்குத் தேர்வானார், அந்தச் சபையில் முதல் பெண் இவர்.

கொடையாளர் பட்டியல் வேறு, சாதனையாளர் பட்டியல் வேறு என்று நெறியாளர் சொல்வார். சொல்லட்டும். எங்கே வைத்தாலும் இவர் பெயரையும் வையுங்கள்.

குரங்குச்சாவடி_பஸ்

அக்கா, ஒரே வீட்டிலிருந்து இத்தனை பேரா? மூத்த மகன் ராணுவத் தளபதி ஆனாரே, அதுவும் இவர்கள்தானா?

ஏற்காடு_காப்பி

ஆமாம் தம்பி. ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதி. மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் கட்சி, கோவை எம்.பி.யாக மூன்று முறை, தொழிற்சங்கம். இன்னொரு மகன் கோபால் பொதுத்துறை நிர்வாகத்தில். அப்பா காங்கிரஸ் உள்துறை அமைச்சர், பிள்ளைகளில் இருவர் கம்யூனிஸ்ட், ஒருவர் ராணுவம். அந்த வீட்டில் தீபாவளிக்கு என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

காந்தி_மைதானம்_11

கிரிக்கெட்டை விட்டுவிட்டீர்கள். 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர். நம்ம ஊர்க்காரர்! பந்துவீச்சாளர் நடராஜனுக்கு முன்னால் சேலத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று இனிமேல் யாரும் சொல்லாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை_மண்டி

போர்க்காலத்து வாரியம் தம்பி, போர் முடிகிற வரை டெஸ்ட் ஆட்டமே கிடையாது. ஆனாலும் சரி, ஒரு வரி போடலாம்.

ஓய்வு_வாத்தியார்

சேலத்துக்கு நேராகப் பட்ட ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 1937 அக்டோபர் 1-ல் மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகரசபைத் தலைவராக இருந்தவர், தன் ஊரிலேயே சோதித்துப் பார்த்தார். கலால் வருமானம் போனதை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரி போட்டார்கள். அதே அமைச்சரவையில் சட்டத்துறை சுப்பராயனிடம். கள்ளுக்கடை மூடிய வருஷம் கூலி முழுசாக வீட்டுக்கு வந்தது என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்கள் என்பதையும் அவரே சொல்வார்.

கடைசிக் காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால், 1949 முதல் 1951 வரை ஜகார்த்தாவில் தூதர். இந்தோனேசியா டச்சுக்காரர்களிடமிருந்து விடுபட்ட நேரம் அது. 1950-ல் நம் முதல் குடியரசு நாளுக்கு சுகர்ணோ வந்தாரே, அந்தக் காலம். பிறகு 1957-ல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவை. 1959 முதல் 1962 வரை மத்திய அமைச்சர். கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் நாட்டின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு, அதாவது ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேராகப் பேசுகிற தொலைபேசி வசதி, வந்தது 1960-ல், இவர் துறையில் இருந்தபோது. மந்திரியா அதைக் கண்டுபிடித்தார் என்று தறி கேட்பார், கேட்கட்டும்.

அம்மாப்பேட்டை_தறி

கேட்கத்தான் நினைத்தேன் ஐயா, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். என் நிலை இது. வகுப்புவாரி ஆணை, தேர்வாணையம், எஸ்.டி.டி. எல்லாம் பதவிக் கணக்கு, கொடையில் சேராது. ஜமீன் ஒழிப்பு பாதிக் கணக்கு. 1932 கோயில் நுழைவுத் தீர்மானம் மட்டும் என்னை மடக்குகிறது. அப்போது பதவி இல்லை, ஆதாயம் இல்லை, ஊர்ப்பகை மட்டும்தான் மிச்சம். அந்த ஒன்றுக்காகப் பெயரைத் திரும்பப் போடுங்கள். பணக்காரர் என்பதற்காகப் போடாதீர்கள். இந்தி உத்தரவையும் அதே பத்தியில் போட வேண்டும், தமிழ்க்கொடி சொன்ன மாதிரி.

ஏரிக்கரை_வாசி

நான் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது. ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன். கல்யாணத்தையும் 1932-க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் கூடுதல் கோரிக்கை. அதற்கும் ஊரில் விலை கொடுத்திருப்பார்.

தமிழ்க்கொடி_சேலம்

வைக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

கொல்லப்பட்டறை_சிவன்

பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலத்துக்கு மூன்று முறை எம்.பி. ஆச்சே, 84, 89, 91. அவர் செய்ததையும் செய்யாததையும் பேச வேண்டும். ரயில்வே கோட்டம் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

நெறியாளர்

ரங்கராஜன் பேச்சுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், ரயில்வே கோட்டச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம். சுப்பராயன் பெயர் பட்டியலில் திரும்ப வந்தாயிற்று. பத்தியை ஏரிக்கரை எழுதி, தறி பார்த்துச் சரி என்ற பிறகு போடுகிறேன். ராதாபாய்க்குத் தனிப் பத்தி, ஏற்காடு அம்மா எழுதித் தர வேண்டும்.

ஏற்காடு_காப்பி

கரண்ட் இருந்தால் இந்த வாரமே.

குரங்குச்சாவடி_பஸ்

புதுப்பாளையம் ஆசிரமத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சேலத்திலிருந்து நேர் பஸ் உண்டா?

சங்ககிரிக்காரன்

சங்ககிரி வழியாகத் திருச்செங்கோடு வந்து மாறுங்க தம்பி. கதர் வாங்குவதானால் வேலை நாளாகப் பார்த்து வாங்க, விடுமுறை நாளில் வந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.